காற்றை நம்பிப் போன வழி

எங்கள் ஊரில் மழையைப் பற்றி யாருக்கும் ஒன்றும் தெரியாது. தெரிந்ததெல்லாம் காற்றுதான். கோவில்பட்டிக்குக் கிழக்கே கரிசல் காடு. ஆனி பிறந்ததும் மேல்காற்று கிளம்பி, சோற்றுப் பானை வரைக்கும் புழுதியைக் கொண்டுவந்து கொட்டும். வாயிலிருக்கும் மண்ணைத் துப்பிக்கொண்டே பெரியவர்கள் சொல்வார்கள்: "குத்தாலத்துல சாரல் விழுந்தாச்சு." போய்ப் பார்த்துவிட்டுச் சொன்னவர் ஒருவரும் கிடையாது. இங்கே காற்று அடித்தால் அங்கே அருவி கொட்டும், அவ்வளவுதான். இதை நம்பித்தான் யுத்த காலத்தில் ஒரு வருஷம் அப்பா அக்காவைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார்.

அக்காவுக்குப் பிறந்த பிள்ளை பதினோராம் நாள் செத்துப்போயிற்று. அன்றோடு அவள் பேச்சை விட்டாள். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். ஊட்டினால் சாப்பிடுவாள். மாமியார்க்காரி அவளை எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டு, வாசலில் நின்றபடியே சொல்லிப் போனாள்: "அருவியில நிறுத்துங்க. தலை தெளிஞ்சா அனுப்புங்க. தெளியலைன்னா ஆவணியில எம்மவனுக்கு வேற பொண்ணு பாத்துருவேன்." சித்தம் கலங்கியவர்களைக் குற்றால அருவிக்கு அடியில் நிறுத்துவது அந்தக் காலத்து வைத்தியம். அக்காவுக்குத் துணை நான். வயது பதினேழு, வாய் மட்டும் ஐம்பது வயதுக்கு இருந்தது.

திருநெல்வேலி வரைக்கும் ரயில். அங்கிருந்து கரி பஸ். பெட்ரோல் கிடைக்காத காலமாகையால், பஸ்ஸின் முதுகில் ஒரு பெரிய தகர உருளையை மாட்டி அதில் கரியை எரிப்பார்கள். ஊருக்கு ஊர் நிறுத்தி, கண்டக்டர் தணலைக் கிளறிவிட்டுக் கைப்பிடியைச் சுற்று சுற்றென்று சுற்றுவார். வண்டிக்கு மூச்சு வரும் வரை நாங்கள் இறங்கி வெயிலில் நிற்க வேண்டும். சீதபற்பநல்லூரில் நின்ற நேரத்துக்கு நடந்தே பாதி வழி போயிருக்கலாம்.

ஆலங்குளத்தில் எதிர்த்திசை பஸ் ஒன்று வந்து நின்றது. குற்றாலத்திலிருந்து திரும்புகிறவர்கள் தலையில் எண்ணெய்ப் பிசுக்கும் தோளில் ஈரத்துண்டுமாக இறங்குவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். இறங்கியவர்கள் தலையெல்லாம் எங்கள் தலையைப் போலவே புழுதி படிந்து கிடந்தது.

"அப்பா, ஒருத்தர் தலையும் நனையலையே" என்றேன்.

"அவிய வேற சோலியா போனவியளா இருக்கும். வாய மூடுட்டி."

பாவூர்சத்திரத்தில் வண்டி மறுபடியும் படுத்துக்கொண்டது. மரத்தடியில், மலையடிவாரத்து வடகரைக்கார விவசாயி ஒருவர் எங்களோடு நின்றிருந்தார். எங்கே போகிறோம் என்று கேட்டார். மகளை அருவியில் குளிப்பாட்ட என்றார் அப்பா.

"எங்க நாத்தங்காலே வெடிச்சுக் கெடக்கு அண்ணாச்சி. அருவியில ஏது தண்ணி?"

"காத்து இந்தப் போடு போடுதே!"

"காத்து மட்டுந்தான் வருது. மழை மலைக்கு அந்தப் பக்கமே நின்னுட்டு."

அப்பா கேட்கவில்லை. மேல்காற்றின் குணத்தை அவருக்கு விளக்க ஆரம்பித்துவிட்டார். கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதைதான். அந்த மனிதர் அக்காவின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, சரி சரி என்று தலையாட்டினார்.

தென்காசியில் இடி விழுந்து பிளந்த மொட்டைக் கோபுரத்துக்கு முன்னால் காற்று ஆளைத் தள்ளியது. அதில் ஒரு பொட்டு ஈரமில்லை. ஆனாலும் அக்கா முதல் தடவையாகத் தலையைத் தூக்கி மேற்கே மலையைப் பார்த்தாள். எனக்கும் பாழாய்ப்போன ஆசை வந்துவிட்டது.

குற்றாலத்தில் பாறை வெளுத்துக் கிடந்தது. ஓரத்தில் ஒரு கை அகலத்துக்குத் தண்ணீர் வழிந்தது. அதையும் குரங்குகள் நக்கிக்கொண்டிருந்தன. அப்பா ரொம்ப நேரம் நின்றார். பிறகு செம்பை எடுத்து அந்த வழிசலில் பிடித்து, நிறைந்ததும் கொண்டுவந்து அக்காவின் தலையில் ஊற்றினார். மறுபடியும் போனார். காலையில் ஆரம்பித்தால் உச்சி வெயில் வரைக்கும் அதே வேலை. ஒவ்வொரு நாளும் அப்படித்தான்.

நான்காம் நாள் அக்கா அவர் கையிலிருந்து செம்பை வாங்கிக்கொண்டாள். "நீங்க உக்காருங்கப்பா. கை நடுங்குது" என்றாள்.

நான்கு மாதத்துக்குப் பிறகு அவள் பேசிய பேச்சு அது. அப்பா பாறையில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நான் அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

கொண்டுபோன அரிசி ஒன்பது நாளில் தீர்ந்தது. திரும்பும் வழியில் பஸ் நின்ற ஊரிலெல்லாம் அப்பா எங்கள் இருவருக்கும் பாடம் நடத்தினார். செம்புத் தண்ணீரைச் சம்பந்தி ஒப்புக்கொள்ள மாட்டாள் என்ற பயம் அவருக்கு. "கேட்டா அருவியில நின்னோம்னு சொல்லணும், என்ன?" பாவூர்சத்திரத்தில் சொன்னார், ஆலங்குளத்தில் சொன்னார். நான் சரி என்றேன். அக்கா வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுவாரம் மாமியார் வந்தாள். காற்றில் கதவு அடித்துக்கொண்டே இருந்தது.

"அருவியில நல்லா நிறுத்துனியளா?"

"ஒம்பது நாளும்" என்றார் அப்பா.

அதோடு விட்டிருக்கலாம். என் நீண்ட வாய் சும்மா இருக்குமா? "இரைச்சல்ல காதே அடைச்சுப் போச்சு அத்தை" என்றேன்.

அவள் அக்காவின் பக்கம் திரும்பினாள். "தண்ணி எப்படிம்மா இருந்துது?"

அக்கா அவளை நிமிர்ந்து பார்த்தாள். தெளிவாகச் சொன்னாள்: "அருவியில தண்ணியே இல்ல அத்தை. அப்பாதான் செம்புல ஊத்துனாவ."

மாமியார் அப்பாவைப் பார்த்தாள். அப்பா தரையைப் பார்த்தார். கதவு இன்னொரு தடவை அடித்தது.

"காத்து இந்தப் போடு போடுது, தண்ணி இல்லையாம்லா!" என்று அவள் எழுந்துகொண்டாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை, இரக்கம்தான் இருந்தது. "ஒம்பது நாள் அருவிக்கடியில நின்னதே இவளுக்குத் தெரியலையே. இனி எங்க தெளியப் போவுது?"

அக்கா சொல்வது நிஜம் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். அக்கா என்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன், வாயைத் திறக்கவில்லை. ஆவணியில் அத்தானுக்குக் கல்யாணம் நடந்தது. அக்கா அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை, அன்று சாயங்காலமே சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள்.