ஓட்டுக்கு மேலே ஒரு முழம்

ஊருக்கு நல்லது சொல்லிச் சம்பளம் வாங்கும் பாவப்பட்ட ஜென்மங்களே, காசுக்கு விற்கிறவனுக்காவது மரியாதை உண்டு. இனாமாகக் கொடுக்கப் போகிறவளை நாய்கூட மதிக்காது. எண்பதுகளில் நான் கொட்டாம்பட்டிப் பக்கம் கிராம சேவிகா. புகையில்லாத அடுப்பைக் கட்டிக்கொடுத்து, புகையைக் குழாய் வழியாகக் கூரைக்கு மேலே அனுப்புவது வேலை. விறகு மிச்சமாகும், காடு பிழைக்கும், பெண்களின் கண்ணும் பிழைக்கும் என்று மதுரையில் பயிற்சி கொடுத்தார்கள். விஷயம் தெரிந்தால் ஜனங்கள் தானாக மாறிவிடுவார்களாம். சொன்னவர் வீட்டில் கேஸ் அடுப்பு.

காடு பிழைக்க

பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் முதல் கூட்டம். மரத்தை வெட்டினால் மழை போகும் என்று தொண்டை வறளப் பேசினேன். எல்லாரும் தலையாட்டினார்கள். தலையாட்டக் காசா பணமா? பின்வரிசையில் பாப்பாத்தி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என் பேச்சில் உருகி அல்ல. அடுப்புப் புகையில் கண் இரண்டும் சிவந்து வீங்கி, அரிசியில் கிடக்கும் கல்கூடத் தெரியாமல் போயிருந்தது. தனக்கு ஒன்று கட்டித்தரச் சொல்லிக் கேட்ட ஒரே ஆள் அவள்தான். அதற்குள் அவள் புருஷன் மாயாண்டி எழுந்துவிட்டார்: “எங்க காட்டுல வேலிக்கருவ என்னைக்கு ஒழியும்னு நாங்க பாத்துக்கிட்டிருக்கோம், நீங்க விறக மிச்சம் பிடிங்கிறீக!”

கரி படாத அடுப்பு

ஊர்த் தலைவர் வீட்டில் கட்டினால் மற்றவர்கள் பின்னாலேயே வருவார்கள் என்று ஆபீஸில் சொன்னார்கள். கட்டினேன். ஜீப்பில் வந்த அதிகாரி அடுப்பை விரலால் தேய்த்துப் பார்த்து, துளி கரி இல்லையே என்று பூரித்துப்போனார். கரி எப்படி இருக்கும்? தலைவர் சம்சாரம் கொல்லையில் மூன்று கல்லைக் கூட்டி, கண்ணைக் கசக்கிக்கொண்டு பொங்கிக்கொண்டிருந்தார். அதிகாரி போனதும் பல்லைக் கடித்துக்கொண்டு காரணம் கேட்டேன். அந்த அம்மாள் என்னைத்தான் பைத்தியம் மாதிரிப் பார்த்தார்: “இதுல பொங்குனா கரி பிடிச்சிரும்ல டீச்சரம்மா, அடுத்த ஆபீசர் வந்தா எதைக் காட்டுறது?”

குழாயின் உயரம்

பாப்பாத்திக்காக மாயாண்டியிடம் நடையாய் நடந்தேன். கண் போய்விடும் என்றேன். மசியவில்லை. உண்மைக் காரணம் பாப்பாத்தி சொல்லித்தான் தெரிந்தது. குழாய் வைத்தால், அடுப்பு எரியாத நாளும் தெருவுக்கே தெரிந்துவிடுமாம். பொண்டாட்டி கண் போனாலும் பரவாயில்லை, கௌரவம் போகக்கூடாது!

வந்த ஆத்திரத்தில் எதிர்வீட்டுக்குப் போனேன். அங்கே இருந்தது அவருடைய பங்காளி. பேச்சுவார்த்தை நின்று வெகுகாலம். காடு, மழை, கண் எதையும் நான் எடுக்கவில்லை. மாயாண்டி வீட்டில் இது இல்லை என்று மட்டும் சொன்னேன். உடனே குழாய் ஓட்டுக்கு மேலே ஏறிவிட்டது. மறுநாள் விடிந்ததும் மாயாண்டி என் வாசலில் நின்றார்: “அவன் குழாயவிட எங்க குழாய் ஒரு முழம் ஒசரமா இருக்கணும் டீச்சரம்மா!”

புகைப் போட்டி

மழைக்காலம் முடிந்து போய்ப் பார்த்தேன். பாப்பாத்தியின் கண் தெளிந்திருந்தது. முறத்தை மடியில் வைத்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்வானேன். ஆனால் சமையல் முடிந்த அடுப்பில், உச்சிவெயிலில், மாயாண்டி பச்சைக் கருவையைத் திணித்துக்கொண்டிருந்தார். எதற்கு இந்தக் கூத்து என்று கேட்டேன். வெளியே அழைத்துவந்து எதிர்வீட்டைக் காட்டினார்: “அவன் குழாயில காலையில இருந்து அம்புட்டுப் புகை வருது, நம்ம குழாய் சும்மா நிக்கவா?”

காட்டைக் காப்பாற்றப் பயிற்சி பெற்ற நான் கடைசியில் காப்பாற்றியது ஒருத்தியின் கண்ணை, அதுவும் புத்தி சொல்லி அல்ல, பங்காளிச் சண்டையை ஊதிவிட்டு.