அம்மா துடைத்த ரோஜா

நேற்று நர்சரியில் ஒரு சிவப்பு ரோஜாவை முகர்ந்ததும் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. இரண்டாயிரத்து நான்கு வாக்கில், காக்களூர் தொழிற்பேட்டை எஸ்டேட்டுக்குப் பின்னால், இன்று குடோனாகிவிட்ட எங்கள் லைன் வீட்டு வாசலில், பழைய பெயின்ட் டப்பாவில் முழங்கால் உயரம்கூட வளராமல் கொத்துக்கொத்தாகப் பூத்துத் தெருவையே மணக்க வைத்த செடியின் அதே வாசனை. பக்கத்துக் கம்பெனிப் புகைபோக்கியிலிருந்து கரி கொட்டிக்கொண்டே இருக்கும். அம்மா தினமும் காலையில் எங்களுக்கு நாஷ்டா வைப்பதற்கு முன்பே ஈரத்துணியால் ஒவ்வோர் இலையாகத் துடைப்பாள்.

அந்தக் கரிக்காகத் தெருவெல்லாம் கையெழுத்து வாங்கி மனு கொடுத்தவளும் அவள்தான். விசாரிக்க ஆபீசர் வருகிறார் என்றதும், வீட்டுக்கு வருகிற மனுஷனாயிற்றே என்று வாசலைக் கழுவிக் கோலம் போட்டு, செடியை வழக்கத்தைவிட நன்றாகத் துடைத்து வைத்தாள்.

வந்தவர் குனிந்து முகர்ந்தார். "இன்னாம்மா, பூ இப்படிப் பூத்துக்கினு இருக்குது, கரி கொட்டுதுன்னு எழுதிக் குடுத்துகிறியே?"

"இப்பதான் சார் தொடச்சேன், துணியப் பாருங்க."

அவர் துணியைப் பார்க்கவேயில்லை. ஒரு பூவைப் பறித்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு ஜீப்பில் ஏறிவிட்டார்.

மறுநாளிலிருந்து அம்மா செடியைத் துடைக்கவில்லை. ஒரே வாரத்தில் மொட்டுவரை கறுத்துப்போனது. அதைப் பார்க்க எந்த ஆபீசரும் வரவில்லை.