வெள்ளிக்கிழமை விழுந்த தவணை

எங்கள் கடையின் முன் கண்ணாடியில் ஆளுயர எழுத்தில் ‘பன்னிரண்டு மாதத் தவணை, வட்டி சதமும் இல்லை’ என்று ஒட்டியிருக்கிறது. துறைமுகப் பக்கம் போகிற பஸ்ஸில் இருந்து பார்த்தாலும் வாசிக்கலாம். அந்தக் கண்ணாடிக்கு உள்ளே, சலவை இயந்திரங்களின் வரிசை முடிகிற மூலையில் என்னுடைய மேசை இருக்கிறது. தலைக்கு மேலே ‘வாடிக்கையாளர் சேவை’ என்று ஒரு பலகை தொங்குகிறது. சாமான் வாங்க வருகிறவர்கள் சிரித்த முகத்தோடு விற்பனைப் பையன்களிடம் போவார்கள். வாங்கி முடித்தவர்கள் முகம் கறுத்து என்னிடம் வருவார்கள்.

கணக்குச் சண்டை தீர்ப்பதுதான் என் தொழில். தீர்ப்பது என்று சொல்வது கொஞ்சம் பெரிய சொல். வருகிறவர் கத்தி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்து, கணினியில் பார்த்து, “ஏலாது” என்பதை மரியாதையாகச் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். வட்டியில்லாத தவணை என்றால் வட்டி கிடையாது என்று சனம் நினைக்கிறது. வட்டி இருக்கிறது. அது படுத்துக் கிடக்கிறது, அவ்வளவுதான். ஒரு தவணை ஒரு நாள் பிந்தினாலும் எழும்பிவிடும். எழும்பினால் அந்த மாதத்துக்கு மட்டும் எழும்பாது, சாமான் வாங்கிய நாளில் இருந்து முழுத் தொகைக்கும் கணக்குப் போட்டுக்கொண்டு வரும். இதை விற்பனைப் பையன்கள் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது. எனக்கே கண்ணாடி போட்டால்தான் தெரியும்.

கொழும்புத் தலைமை அலுவலகத்துக்கு விளங்காத ஒரு சங்கதி எனக்கு இந்த மேசைக்கு வந்த முதல் வருடமே விளங்கிவிட்டது. கட்ட வேண்டிய திகதி வெள்ளிக்கிழமையில் விழுகிற மாதம் என்றால், அடுத்த கிழமை என் முன்னால் கதிரை காலியாக இராது. எங்கள் ஆட்கள் வெள்ளிக்கிழமை கையால் காசு வெளியே கொடுக்க மாட்டார்கள். லட்சுமி வீட்டை விட்டுப் போய்விடுவாளாம். விளக்கு வைத்த பிறகு எந்த நாளிலும் கொடுக்க மாட்டார்கள். நானும் அப்படித்தான். பஸ் காசையும் மரக்கறிக் காசையும் லட்சுமி கணக்கில் எடுப்பதில்லை என்று நானாகவே ஒரு சலுகை வைத்துக்கொண்டிருக்கிறேன். கடன்காசு என்றால் அந்தச் சலுகையும் இல்லை.

நிலாவெளிக் கரையில் இருந்து வந்த மீன்கார அக்காவை நான் மறக்கப்போவதில்லை. நாற்பது வயது இருக்கும். புருஷன் கடலுக்குப் போகிறவர். மீன்வாடியில் மீன் மலிந்து கிடக்கிற நாளில், மொத்தமாக வாங்குகிற கிண்ணியா முதலாளி சொல்கிறதுதான் விலை. மத்தியானத்துக்குள் விற்காவிட்டால் அந்த விலையும் இல்லை. அதனால் பெரிய ஐஸ்பெட்டி ஒன்றை, ஓர் ஆள் படுக்கிற அளவு பிரீசரை, எங்கள் கடையில் தவணைக்கு எடுத்தார். பெட்டி வீட்டுக்கு வந்த பிறகு முதலாளி சொல்கிற விலைக்கு “வேண்டாம்” என்று சொல்ல முடிந்தது என்று என்னிடம் சொன்னார். மீனை வைத்திருந்து, தட்டுப்பாடான நாளில் பாரையும் அறுக்குளாவும் தானே கொண்டுபோய் விற்றாராம். பெட்டியின் காசை அந்தப் பெட்டியே உழைத்துக் கட்டியது.

பத்து மாதத் தவணையில் ஒன்றுகூடப் பிந்தாமல் கட்டிவந்தவர், பதினோராவதில் தவறினார். திகதி வெள்ளிக்கிழமை. முதலாளி வாரக் கணக்கு முடிப்பது வியாழன் பின்னேரம். மறுநாள் ஜும்ஆத் தொழுகை என்பதால் அவர் கடை திறக்காது. காசு கைக்கு வரும்போது விளக்கு வைத்தாயிற்று. வெள்ளி முழுக்க அது சாமித்தட்டில் இருந்தது. சனிக்கிழமை காலை எங்கள் கடைக் கதவு திறக்க முன்னமே அக்கா வாசலில் நின்றார். காசாளர் வாங்கி, பற்றுச்சீட்டுக் கொடுத்து, “சரி அக்கா” என்று அனுப்பிவிட்டார். கணினி “சரி” என்று சொல்லவில்லை. வட்டியை எழுப்பிவிட்டது. அடுத்த மாதம் அவர் கட்டிய கடைசித் தவணையையும் அந்த வட்டிதான் விழுங்கியது. அவர் கடன் முடிந்ததென்று கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டு வந்தார். புருஷனின் தொலைபேசிக்கு ஆங்கிலத்தில் எச்சரிக்கைகள் வந்துகொண்டிருந்தன. அது பெரும்பாலும் கடலில் இருந்தது.

ஒருநாள் கொம்பனிக்காகச் சாமான் பறிக்கிற, சீஸ் பண்ணுகிறவர்கள் லொறியோடு போய்ப் பெட்டியைத் தூக்கிவிட்டார்கள். உள்ளே இருந்த மீனை முற்றத்தில் தறப்பாளை விரித்துக் கொட்டினார்களாம். அன்று பின்னேரம் அவர் என் முன்னால் வந்து இருந்தபோது உடுப்பில் மீன் செதில் ஒட்டியிருந்தது. கத்தவில்லை. பற்றுச்சீட்டுகளை ஒவ்வொன்றாக மேசையில் அடுக்கினார். சூட்டுக்கு அவற்றில் பாதி வெளுத்துப்போய் வெறும் தாளாக இருந்தன.

“எல்லாம் கட்டி முடிச்சிட்டன் தங்கச்சி. பிறகேன் தூக்கினவங்கள்?”

நான் கணினியில் பார்த்துச் சொன்னேன். “அக்கா, ஒரு தவணை சனிக்கிழமை கட்டியிருக்கிறீங்கள். திகதி வெள்ளி.”

“ஓம். வெள்ளியில எப்பிடிக் குடுக்கிறது?” என்றார். அவருக்கு அது பதில். அதற்கு மேல் விளக்கம் தேவை என்றே அவர் நினைக்கவில்லை. எனக்கும் தேவைப்படவில்லை.

கணினிக்குத் தேவைப்பட்டது. வட்டியைத் தள்ளுபடி செய்யச் சொல்லி விண்ணப்பிக்க ஒரு பக்கம் இருக்கிறது. அதில் காரணத்தை நாங்கள் எழுத முடியாது, கொடுத்திருப்பதில் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டும். நோய், மரணம், வெள்ளம், கணினிக் கோளாறு, வேறு. ‘வேறு’ என்று அனுப்பிய எந்த விண்ணப்பத்துக்கும் பதில் வந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

“அக்கா, அண்டைக்கு உங்களுக்குச் சுகமில்லை எண்டு போடட்டோ? டக்கெண்டு முடிஞ்சிரும்.”

அவர் பதறிவிட்டார். “ஐயோ வேண்டாம் பிள்ளை. இல்லாத வருத்தத்தை வாயால கூப்பிடக் கூடாது. அந்த மனுசன் கடலுக்குப் போற ஆள்.”

எனக்கு எரிச்சல் வந்தது. அவர் மேல்தான் வந்தது, மறைப்பானேன். பெட்டி வேண்டும், பொய்யும் சொல்ல மாட்டேன் என்றால் நான் எங்கே போவது? பிறகு அவர் வெளுத்த தாள்களைத் திரும்ப அடுக்கிப் பிளாஸ்டிக் பையில் வைத்து முடிச்சுப் போட்டதைப் பார்த்தேன். எரிச்சல் இடம் மாறியது. ‘வேறு’ என்பதைத் தெரிவு செய்து, வெள்ளிக்கிழமையைப் பற்றி ஆங்கிலத்தில் நீளமாக எழுதினேன். பள்ளிக்கூடத்துக்குப் பிறகு நான் எழுதிய மிக நீளமான ஆங்கிலம் அதுதான்.

எங்கள் முகாமையாளர் அதை வாசித்துவிட்டுச் சிரித்தார். டவுன் ஆள், நல்ல மனுசன் என்று பெயர் எடுத்தவர். “இதெல்லாம் ஒரு காரணமோ பிள்ளை? கொம்பனிக்கு வெள்ளியும் ஒண்டு, செவ்வாயும் ஒண்டு. நீர் ஏன் உம்மட தலையில தூக்கி வைக்கிறீர்?” என்றார். ஆனாலும் தடுக்கவில்லை. அனுப்பட்டும், எப்படியும் வராது என்று நினைத்திருப்பார்.

கொழும்பில் இருந்து ஒரு பெண் தொலைபேசியில் பேசினார். குரலைக் கேட்டால் என் வயதுதான் இருக்கும். “வியாழக்கிழமையே கட்டியிருக்கலாமே?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. வியாழக்கிழமை காசு எத்தனை மணிக்கு வந்தது, விளக்கு எத்தனை மணிக்கு வைப்பார்கள், ஜும்ஆவுக்கும் மீனுக்கும் என்ன தொடர்பு என்று அரைகுறைச் சிங்களத்தில் சொல்லி முடிக்கும்போது எனக்கு வேர்த்துவிட்டது. அவர் “பார்க்கிறோம்” என்று வைத்துவிட்டார். நான் திரும்ப அழைப்பு எடுத்தேன். அடுத்த நாளும் எடுத்தேன். என் பெயரைக் கேட்டாலே அங்கே இணைப்பை வேறு ஆளுக்கு மாற்றுகிற அளவுக்கு எடுத்தேன்.

இதற்கிடையில் பெட்டி எங்கள் கடைக்குப் பின்னால் உள்ள களஞ்சிய வளவில்தான் நின்றது. பறித்த சாமான்கள் எல்லாம் அங்கே தகரக் கூரையின் கீழ் நிற்கும். லொறி வந்து கொழும்புப் பக்கம் ஏலத்துக்கு ஏற்றிக்கொண்டு போகும்வரை அங்கேதான். டவுன் தெருக்களில் மாடு மாதிரித் திரிகிற மான்கள் மதிலின் உடைந்த பக்கத்தால் வந்து மட்டைப்பெட்டிகளைச் சப்பிக்கொண்டு நிற்கும். மத்தியானம் சாப்பிடப் போகும்போது நான் பெட்டி நிற்கிறதா என்று எட்டிப் பார்ப்பேன். மூடியில் பிள்ளைகள் ஒட்டிய பூ ஸ்டிக்கர் ஒன்று இருந்தது. அக்கா கிழமைக்கு ஒரு தரம் வந்து கேட்டுவிட்டுப் போவார். மீனை மத்தியானத்துக்குள் முதலாளியின் விலைக்கே கொடுப்பதாகச் சொன்னார். “பழையபடி தலையை ஆட்டுறம்” என்றார்.

ஒரு காலை மின்னஞ்சல் வந்தது. நல்லெண்ண அடிப்படையில், இந்த ஒரு தடவை மட்டும், வட்டி முழுவதும் நீக்கப்படுகிறது. பொருளை எடுக்கும்போது கட்டிய வைப்புக் காசைத் திருப்பிக் கொடுக்கவும். பொருளை விடுவிக்கவும். நான் கதிரையை விட்டு எழும்பிக் கத்திவிட்டேன். தொலைக்காட்சி பார்த்துக்கொண்டு நின்ற வாடிக்கையாளர் ஒருவர் பயந்துபோனார். உடனே அக்கா தந்திருந்த பக்கத்து வீட்டு இலக்கத்துக்கு எடுத்தேன். பத்து மணிக்கெல்லாம் தெரிந்தவருடைய சின்ன லொறியைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். தலைக்கு எண்ணெய் வைத்துப் பூவும் வைத்திருந்தார்.

அப்போதுதான் எனக்கே உறைத்தது. அன்று வெள்ளிக்கிழமை.

முகாமையாளர் காசு வைக்கிற மேசை லாச்சிக்குச் சாம்பிராணி காட்டி, மல்லிகைச் சரம் போட்டுவிட்டு இருந்தார். மின்னஞ்சலின் பிரதியை வாசித்தார். மடித்து லாச்சிக்குள் வைத்தார்.

“நல்லது. நாளைக்கு வாங்கோ. கையெழுத்து வைச்சுத் தாறன்.”

“சேர், அவ லொறியோட வந்து நிக்கிறா” என்றேன்.

“வெள்ளிக்கிழமை லாச்சியில இருந்து காசு எடுத்துக் குடுக்க ஏலுமோ பிள்ளை? சாமானும் வெளிய போகக் கூடாது. உமக்குத் தெரியாததோ?”

“சேர், வெள்ளியில காசு கட்டேல்லை எண்டுதானே அவவின்ர பெட்டியைத் தூக்கினது!”

“அது வேறை, இது வேறை” என்றார். குரலைக்கூட உயர்த்தவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாமல் இருக்கிறது.

நான் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அக்கா என் கையைப் பிடித்தார். “விடுங்கோ தங்கச்சி. ஐயா சொல்லுறது சரிதானே. வெள்ளியில ஆரும் குடுப்பினமோ? இத்தனை நாள் இருந்தனாங்கள், ஒரு நாள்தானே. நான் நாளைக்கு வாறன்.” லொறிக்காரருக்குப் போக்குவரத்துக் காசை நாளைக்குச் சேர்த்துத் தருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

ஏலத்துக்குச் சாமான் ஏற்றுகிற லொறி திங்கட்கிழமைதான் வருவதாக இருந்தது. மூதூர்ப் பக்கம் இன்னொரு வேலை வந்ததால் சனிக்கிழமை விடிய முன்னமே வந்துவிட்டது. காவலாளியிடம் போன கிழமையே கொடுத்த பட்டியல் இருந்தது. பெட்டியை விடுவிக்கிற கடிதம் பூச்சரத்தின் கீழ் லாச்சிக்குள் இருந்தது. நான் எட்டு மணிக்குப் போய் வளவை எட்டிப் பார்த்தபோது தகரக் கூரையின் கீழ் ஒரு மான் மட்டும் நின்றது.

லொறிச் சாரதிக்கு எடுத்தேன். கந்தளாய் தாண்டிவிட்டதாகவும், கொழும்பு சொல்லாமல் திருப்ப முடியாது என்றும் சொன்னார். கொழும்பில் சனிக்கிழமை யாரும் தொலைபேசியை எடுக்கவில்லை. திங்கட்கிழமை எடுத்தார்கள். அதற்குள் ஏலத்தில் போய்விட்டது.

ஆனால் அது பிறகு. சனிக்கிழமை ஒன்பது மணிக்கு அக்கா அதே லொறியில் வந்து இறங்கினார். முதலில் வளவுக்குத்தான் போனார். நான் பின்னால் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் வெறும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பெட்டியின் கால் நின்ற இடத்தில் துரு வட்டம் நான்கு இருந்தது. “எங்கட பெட்டிதானோ? வேறை பெட்டியை ஏத்தியிருக்க மாட்டினமோ?” என்று கேட்டார். அழுதார். நானும் அழுதேன், ஆத்திரத்தில்.

முகாமையாளருக்கு முகம் செத்துவிட்டது. அவர் கெட்ட ஆள் இல்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். வைப்புக் காசைத் தானே எண்ணிக் கொடுத்தார். ஏலத்தில் கிடைக்கிற தொகையையும் அக்காவின் பேரில் வரவு வைப்பதாகச் சொன்னார். பழைய பெட்டிக்கு என்ன பெரிதாகக் கிடைக்கும்? புதுப் பெட்டியின் விலையில் கால்வாசி வந்தால் அதிசயம்.

“மிச்சத்துக்கு யோசிக்காதேங்கோ அக்கா. புதுப் பெட்டி இண்டைக்கே கொண்டு போகலாம். பன்னிரண்டு மாசம், வட்டியில்லை” என்றார்.

அவர் மனதாரத்தான் சொன்னார். அதனால்தான் என்னால் அவரை ஏசக்கூட முடியவில்லை.

அக்காவை என் மேசைக்குக் கூட்டிக்கொண்டு வந்து, “எடுக்காதேங்கோ” என்று மெதுவாகச் சொன்னேன். அவர் கண்ணைத் துடைத்தார். வீட்டுக்கு வெறுங்கையோடு போனால் நாளைக்கும் முதலாளிக்குத் தலையாட்ட வேண்டும் என்றார். பிறகு என் பக்கம் குனிந்தார்.

“கட்டுற திகதி வெள்ளியில விழாமல் ஒண்டு பாத்துப் போடுவீங்களோ?”

எங்கள் கணினி தருகிற திகதிகள் மூன்றுதான். ஐந்து, பதினைந்து, இருபத்தைந்து. நான் மேசை நாட்காட்டியை எடுத்து ஒவ்வொரு மாதமாகத் திருப்பினேன். முடித்துவிட்டு முதலில் இருந்து திரும்பவும் பார்த்தேன். எதை எடுத்தாலும் ஏதோ ஒரு மாதத்தில் போய் வெள்ளியில் விழுந்தது.

“இல்லை அக்கா” என்றேன்.

அவர் மேசையில் இருந்த புது ஒப்பந்தத் தாளைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு, “பேனையைத் தாங்கோ” என்றார்.