யாரும் எடுக்காத பேக்கப்

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். கோயிலுக்குப் போவேன், ஜெபம் சொல்வேன், அதோடு சரி. ஆனால் இதை மட்டும் என்னால் தள்ளிவிட முடியவில்லை. நீங்கள் நம்பினாலும் சரி, சிரித்தாலும் சரி.

எண்பதுகளின் கடைசியில் காரைக்காலில் ஒரு நெல் ஆராய்ச்சி அலுவலகத்தில் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருந்தேன். இருந்தது ஒரே ஒரு யூனிக்ஸ் மெஷின். வெள்ளிக்கிழமை காலையில் முதல் வேலையாக, ஆய்வு விவரங்கள் இருக்கும் டைரக்டரி முழுவதையும் 'டார்' என்ற கட்டளை கொடுத்து ஒரே மூட்டையாக நகலெடுத்து, பேக்கப்பாக டேப்பில் ஏற்றி, பீரோவில் வைத்துப் பூட்டுவேன். சாவி என் கைப்பையை விட்டு வெளியே போகாது.

அந்த வெள்ளிக்கிழமையும் அப்படித்தான். டேப்பைப் பூட்டிய பிறகுதான் விசாலாட்சி மேடம் சுரக்குடி வயலின் அறுவடை அளவுகளைத் தாள்தாளாகக் கொண்டுவந்தார். உப்புத் தண்ணீரைத் தாங்கும் நெல்லுக்காகப் பல வருஷம் வெயிலில் கிடந்தவர். அவர் வாசிக்க வாசிக்க நான் தட்டினேன். சாயங்காலம் காற்று பிய்த்துக்கொண்டு அடித்தது, அவசரமாக மெஷினை நிறுத்தினேன், நிறுத்திய கையோடு கரண்ட் போய்விட்டது. புயல். நாலைந்து நாள் ஊரே இருட்டில் கிடந்தது.

கரண்ட் வந்ததும் போய்ப் போட்டால் டிஸ்க் எழும்பவே இல்லை. மேடம் திரும்ப எடுத்துப்போயிருந்த தாள்களெல்லாம் அவர் வீட்டில் வெள்ளம் புகுந்து கூழாகியிருந்தன. மறுபடி அளக்க வயலில் கதிரும் கிடையாது.

"காலையிலயே டேப்பு எடுத்துட்டேன் மேடம். அதுக்கப்புறம் அடிச்சது அதுல இருக்காதுங்க" என்றேன். அவர் முந்தானையை முறுக்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

பாண்டிச்சேரியிலிருந்து வந்த இன்ஜினியர் புது டிஸ்க்கை மாட்டிவிட்டுக் கடைசி டேப்பைக் கேட்டார். பீரோவைத் திறந்து மேலே இருந்ததை எடுத்துக் கொடுத்தேன். திரையில் ஃபைல் பெயர்கள் ஓடின. ஓடி முடிகிற இடத்தில் சுரக்குடி அறுவடையும் வந்தது. திறந்து பார்த்தால் கடைசி வரி வரை இருக்கிறது.

மேடம் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். சாயங்காலம் நானே இன்னொன்று எடுத்து வைத்துப் பதட்டத்தில் மறந்திருப்பேன் என்றார்.

"நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க மேடம், எப்ப எடுத்தேன்?"

"எப்படி வந்தா என்னம்மா, வந்துடுச்சுல்ல" என்றார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நெஞ்சிலிருந்து பாறாங்கல்லை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. அன்றைக்குத்தான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

பிறகு பீரோவை ஒழுங்கு பண்ணும்போது பார்த்தேன். காலையில் எடுத்த டேப் அடியில் பத்திரமாக இருந்தது. இது வேறு டேப். மேலே ஒட்டிய சீட்டில் அதே வெள்ளிக்கிழமைத் தேதி, சந்தேகமே இல்லாமல் என் கையெழுத்து. ஆனால் பெயர் 'பெ. ஆரோக்கியமேரி' என்று இருந்தது. அப்பா சவரிமுத்து. நான் 'ச. ஆரோக்கியமேரி' என்று போடுகிறவள்.

அடுத்த வருஷம் திருமலைராயன்பட்டினத்திலிருந்து எனக்கு வரன் வந்தது. அதுவரை நாங்கள் கேள்விப்பட்டே இராத குடும்பம். மாப்பிள்ளை பெயர் பெலிக்ஸ். கல்யாணத்துக்குப் பிறகு அவர் இனிஷியலைத்தான் போடுகிறேன், இன்றைக்கும் அந்த 'பெ'யை எழுதும்போது பேனா ஒரு நொடி நின்றுதான் நகர்கிறது.