சத்தத்துக்கு முன்னால் வரும் குண்டு

ஜப்பான்காரன் காலத்தில் பினாங்குத் தீவில், ஜெலுத்தோங் பாசார்ச் சந்தைக்கு வெளியே நானும் பக்கத்து வீட்டு அக்காவும் மரவள்ளிக்கிழங்கு அவித்து விற்றோம். அக்காவின் புருஷனைச் சயாமில் ரயில்பாதை போடப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். போகும்போது அவர், "வீட்ட விட்டுப் போயிடாத. திரும்பி வந்தா உன்ன எங்க தேடுவேன்?" என்றாராம். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு இருந்தாள் அவள்.

துறைமுகத்தில் குண்டு போட வெள்ளைக்காரன் விமானங்கள் வந்தபோதும் அசையவில்லை. "அதான் சங்கு ஊதுறான்ல. ஓடிப்போய்ச் சாக்கடையில படுத்துக்கலாம்லா" என்பாள்.

ஒருநாள் கிழங்கு வாங்க வந்த, ஆபீசில் கணக்கெழுதும் யாழ்ப்பாணத்துக் கிராணியார் குரலைத் தாழ்த்தினார். யாரிடமோ ஒளித்து வைத்த ரேடியோ இருந்தது. யாரிடம் என்று நாங்கள் கேட்பதில்லை. ஜெர்மன்காரன் கடலைத் தாண்டி லண்டன்மீது ராட்சத வாணம் விடுகிறானாம், உள்ளே ஆளே இல்லாமல்.

"சத்தத்தைவிட வேகமாம், பிள்ளை. விழுந்து வெடிச்ச பிறகுதான் அது வாற சத்தமே கேக்குமாம்."

அக்கா அகப்பையைக் கீழே வைத்தாள். "அப்ப எப்படி ஓடறது?"

"ஓட ஏலாது."

வெள்ளைக்காரனும் அதே போல் செய்து பினாங்குமேல் விடப்போகிறான் என்று பாசார் முழுக்கப் பேச்சு. அக்கா மூட்டை கட்டிவிட்டாள், எதிர்க்கரையில் புக்கிட் தெங்காவில் இருக்கும் தங்கை வீட்டுக்கு. கட்டி முடித்து, மூட்டைமேலேயே உட்கார்ந்து அழுதாள்.

எனக்கோ பயத்தைவிட ஆவல் பெரிது. மறுநாள் கிராணியாரை மறித்தேன். "அம்புட்டு தூரமும் எரிஞ்சுகிட்டேவா போகுதுங்க?"

"இல்லை. ஒரு நிமிஷம்தான் நெருப்பு. உயரத்துக்கு ஏத்திவிட்டு அணைஞ்சு போம். மிச்சமெல்லாம் எறிஞ்ச கல்லுப் போலத்தான்."

"எவ்வளவு தூரம் போய் விழும்?"

"இருநூறு மைல் எண்டு சொல்லினம்."

ஓடிவந்து சொன்னேன். அக்காவுக்கு மைல் கணக்கு பிடிபடவில்லை. "இங்கேருந்து எறிஞ்சா கோலாலம்பூர்கிட்ட விழும்க்கா" என்றேன்.

அவள் கடல் பக்கமாகத் திரும்பினாள். "நாகப்பட்டணத்துல கப்பல் ஏறி நாள் கணக்கா வாந்தி எடுத்துகிட்டே வந்தேன். வெள்ளைக்காரன் அந்தக் கரையிலதான இருக்கான்? அங்கேருந்து விட்டா?"

"நடுக்கடல்ல விழும்."

"மீனுங்க ஓடட்டும்" என்று மூட்டையை அவிழ்த்தாள். அதையே கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்து விட்டால் என்றொரு கேள்வி எனக்குள் முளைத்தது. அவளிடம் கேட்கவில்லை.

போர் முடிந்து, குச்சியாக மெலிந்து, அக்காவின் புருஷன் நேராக அந்த வாசலுக்குத்தான் வந்தார்.

பிறகு பத்திரிகையில் படித்து இருவருக்கும் சொன்னேன்: அந்த வாணத்துக்குத் தீனி, உருளைக்கிழங்கில் வடித்த சாராயம். காற்றில்லாத உயரத்தில் எரிவதற்குக் காற்றிலுள்ள பிராணவாயுவையும் குளிரவைத்துத் தண்ணீர்போல் ஆக்கித் தானே சுமந்து போகுமாம்.

அவர் வாயில் கிழங்கோடு நிமிர்ந்தார். "நானும் கிழங்கத்தான் தின்னேன். எனக்கு எந்திரிச்சு நிக்கவே முடியல. அது கடலத் தாண்டிச்சா?"

"நீங்களும் தாண்டித்தான வந்தீங்க" என்று அக்கா இன்னொரு துண்டை அவர் தட்டில் வைத்தாள்.