பிரபுவையும் திருப்பி அனுப்பினார்கள்

சுவிஸில், வின்டர்தூருக்கு வெளியே அந்தப் பெரிய வீட்டில் எட்டு வருடம் தரை துடைத்தேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே வாழ்ந்த பிரபு, வேற்றுநாட்டு அரசவையில் தூதராக இருந்தவர். இப்போது அது அருங்காட்சியகம். கூடத்தில் அவருடைய ஆளுயரப் படம். மீசையைப் பார்த்தால் சிரிப்பு வரும். அந்தக் காலைகளையும் மெழுகு வாசத்தையும் நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு இளகுகிறது.

முதல் வருடம் என் அகதி வழக்கு முடிந்திருக்கவில்லை. ஒருநாள் வழிகாட்டிப் பெண் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பிரபுவின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு டொச், அதுதான் ஜெர்மன் பாஷை, அரைகுறை. ஆனாலும் ஒரு சொல் காதில் சுரீரென்று விழுந்தது: "சுரூக்கெஷிக்ட்." திருப்பி அனுப்பிவிட்டார்கள்! அகதி முகாமில் நாங்கள் முதலில் படித்த சொல்லே அதுதான். அட கடவுளே, இவ்வளவு பெரிய மனிதரையுமா?

அன்றிலிருந்து அவர் என் ஆள். படச்சட்டத்தைத் துடைக்கும்போது பேச்சுக் கொடுப்பேன். "ஐயா, உங்களுக்கும் கடிதத்திலையோ அறிவிச்சவங்கள்?" என்னை வேலைக்குச் சேர்த்துவிட்டு, கூடவே துடைத்த ஊர்க்கார அண்ணை தலையில் அடித்துக்கொள்வார். "படத்தோட கதைக்காதையடா. விசரன் எண்டு வேலையாலை நிப்பாட்டிப் போடுவாங்கள்."

ஒரு காலை என் வழக்கின் முடிவுக் கடிதம் வந்தது. பிரிக்கப் பயந்து, வேலைக்கு எடுத்துப்போய் அந்த வழிகாட்டியிடமே நீட்டினேன். வாசித்துவிட்டு என் கையைப் பிடித்தாள். நான் இருக்கலாம்; அகதியாக ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். ஊருக்கு மட்டும் போகக்கூடாது. அழுகையோடு படத்தைக் காட்டிக் கேட்டேன்: பாவம், இவரை எங்கே திருப்பி அனுப்பினார்கள்?

அவள் சிரித்துவிட்டாள். தூதராக இருந்த அரசவையில் ஒரு மந்திரியோடு சண்டை பிடித்ததால் அனுப்பிவிட்டார்களாம். எங்கே? இங்கேதான், சொந்த வீட்டுக்கு. வந்து, சாப்பாட்டுக்கு வழியில்லாத ஓவியர்களுக்குச் சோறு போட்டு வரைய வைத்து, இதே கூடத்தில் பியானோக் கச்சேரி நடத்தி, வருடக்கணக்காய் நிம்மதியாக வாழ்ந்து, தன் கட்டிலிலேயே கண்ணை மூடினாராம்.

எனக்குப் பொல்லாத கோபம். இதற்கா இவ்வளவு நாளும் பரிதாபப்பட்டேன்? ஒரு கிழமை, ஏழு நாளும், அவர் பக்கமே போகவில்லை. பிறகு மனம் கேட்காமல் தூசி தட்டினேன்.

மூன்றாம் வருடம் யாழ்ப்பாணத்தில் அம்மா கண்ணை மூடினார். கொள்ளி வைக்கவேண்டிய மகன் நான், போக முடியாது. அறையில் தனியாக இருக்கப் பயந்து வேலைக்குப் போனேன். கால்கள் தாமாகவே படத்துக்கு முன்னால் போய் நின்றன.

"ஐயா, என்னை ஒருத்தரும் திருப்பி அனுப்பேல்லை," என்றேன்.

அண்ணை பின்னால் நின்றார். அன்றைக்கு அவர் என்னை விசரன் என்று சொல்லவில்லை.