குளிக்காமல் திரும்பிய குற்றால டூர்

நேற்று குற்றாலம் போனோம். ஒருத்தி தலையில்கூட அருவித் தண்ணீர் விழவில்லை!

என் மகனுக்குக் கோயம்புத்தூருக்கு மாற்றல். பேத்தி அபி பத்தாவது முடித்துவிட்டாள். இனிமேல் அவள் படிப்பும் அங்கேதான்.

போவதற்கு முன்னால் தோழிகளோடு ஒரு நாள் அருவியில் குளித்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம்.

"பெரியவங்க யாராவது கூடப் போனா சரி" என்று சொல்லிவிட்டு மருமகள் என்னைப் பார்த்தாள். (அந்த வீட்டில் வேறு யாருக்கும் கால் கிடையாது போல!)

அபியோடு சேர்த்து ஐந்து பிள்ளைகள். ஒரு வாரமாக வாட்ஸ்அப்பில் பிளான் போட்டார்கள். குரூப்புக்குப் பெயர் மாற்றினார்கள். மறுபடியும் மாற்றினார்கள். எல்லோருக்கும் ஒரே கலர் டிரெஸ் என்று முடிவானது.

"ஏட்டி, சோத்துக்கு என்ன செய்யப் போறிய?"

"அதெல்லாம் அப்புறம் ஆச்சி!"

"மாத்துத் துணி? துண்டு?"

"அப்புறம் ஆச்சி!"

வேன் பிடித்தது நான். புளியோதரை கட்டியது நான். பிளான் மட்டும் அவர்களுடையது!

கிளம்புவதற்கு முந்தின நாள் ஒரு குண்டு. தர்ஷினி வரமாட்டாளாம். அபிக்கு எல்.கே.ஜி.யிலிருந்து ஒரே பெஞ்சுத் தோழி அவள். "அவ ஆச்சி சரின்னு சொன்னா அனுப்புதேன்" என்று அவள் அப்பா கைகழுவிவிட்டார்.

அந்த ஆச்சி யார் தெரியுமா? இலத்தூர் சொர்ணம்!

சின்ன வயசில் அவள் என் சேக்காளி. என் மகன் பிறப்பதற்கு முன்னாலிருந்தே நாங்கள் பேசுவதில்லை.

காரணம் இதே குற்றாலம்தான். கல்யாணமான புதிதில் ஒன்றாகக் குளிக்கப் போனோம். நான் அருவியை விட்டு வருவதற்குள், மாற்றிக் கட்ட வைத்திருந்த என் புதுச் சேலையைக் கட்டிக்கொண்டு நின்றாள்! கேட்டால், "மாறிப்போச்சு" என்றாள்.

ஈரச் சேலையோடு தென்காசி வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். "உக்காராதீங்கம்மா, சீட்டு நனையும்" என்றான் கண்டக்டர். (அவனையும் நான் மறக்கவில்லை!)

அபி அழுதாள். "அவ வரலேன்னா நானும் போகல ஆச்சி. அடுத்து எப்ப அவளப் பாப்பேனோ."

வேறு வழி? போன் போட்டேன்.

"யாரு?"

"நாந்தான்."

"நாந்தான்னா? பேரு கெடையாதா?" (குரல் தெரியாமலா கேட்டாள்!)

"பிச்சம்மா."

"எந்தப் பிச்சம்மா?"

"ஈரச் சேலையோட பஸ்ஸுல வந்தாள்லா, அந்தப் பிச்சம்மா!"

அந்தப் பக்கம் ஒரு செருமல். பிறகு சொன்னாள்: "பிள்ளைய அனுப்புதேன். ஆனா நானும் வருவேன்."

"பிள்ளையளப் பாக்கத்தான் நான் இருக்கேன்லா?"

"அதனாலதான் வருதேன்."

வேனில் அவள் முன் சீட்டு, நான் கடைசி சீட்டு. நடுவில் பிள்ளைகள்.

மெயின் பால்ஸில் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் கொட்டுகிறது. குளிக்கத் தடை! போலீஸ்காரர்கள் விசில் ஊதி விரட்டுகிறார்கள். ஐந்தருவிக்கு ஓடினோம். அங்கேயும் தடை! ஒரு வாரம் போட்ட பிளானில், வெள்ளம் வந்தால் என்ன செய்வது என்று எவளும் யோசிக்கவில்லை.

எல்லோரும் வேனுக்குள் ஏறி ஆளுக்கொரு போனை எடுத்துக்கொண்டார்கள். அபி மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்தாள். பக்கத்தில் தர்ஷினி தன் துப்பட்டா நுனியை நீட்டினாள்.

அந்த நேரம் பார்த்து சொர்ணம் வாயைத் திறந்தாள்.

"பிச்சம்மா கால் வச்சா அருவியே கோவப்பட்டுப் பொங்குது!"

விடுவேனா?

"அடுத்தவ சேலையக் கட்டுனவ பேச்சப் பாரு!"

"ரெண்டும் கிளிப்பச்சை. அவசரத்துல மாறிட்டு!"

"என் சேலைக் கரையில வரிசையா அன்னப்பட்சி! உன்னுதுல ஒரு காக்கா உண்டா?"

"சரிட்டி, என் சேலை சும்மாதான கெடந்துச்சு? அதக் கட்டிட்டு வர வேண்டியதுதான? ஈரத்தோட போனது உன் வீம்பு!"

"ஓஓஓ!" என்று பிள்ளைகள் கத்தினார்கள். போன்களெல்லாம் எப்போது கீழே போயின என்று தெரியவில்லை.

"ஆச்சி, இது செம பாயிண்ட்லா!" என்றாள் ஒருத்தி, என் புளியோதரையைத் தின்றுகொண்டே!

இன்னொருத்தி வேனுக்குள் முன்னும் பின்னும் ஓடி, தண்ணீர் பாட்டிலை மைக் மாதிரி எங்கள் வாய்க்கு நேரே மாற்றி மாற்றி நீட்டினாள். டிரைவர் பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டார். அபி சிரித்துச் சிரித்துத் தர்ஷினி மடியிலேயே விழுந்து கிடந்தாள்.

கடைசியில் குரூப்பில் ஓட்டெடுப்பு வைத்துவிட்டார்கள்!

சொர்ணத்துக்கு நாலு ஓட்டு. எனக்கு ஒன்று.

அபியும் அவளுக்குத்தான் போட்டிருக்கிறாள்! கேட்டால், "லாஜிக் அவங்க பக்கம்லா இருக்கு ஆச்சி" என்கிறாள்.

எனக்கு விழுந்த அந்த ஒரு ஓட்டு தர்ஷினி போட்டது. "எங்க ஆச்சி என் துப்பட்டாவயும் கேக்காமதான் எடுப்பாவ" என்று சொல்லிவிட்டாள். (தங்கமான பிள்ளை!)

இலத்தூரில் இறங்கும்போது தர்ஷினி அபியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சொன்னாள்: "பொங்கலுக்கு வந்துருட்டி. மறுபடியும் போவோம். ரெண்டு ஆச்சியும் கண்டிப்பா வரணும்!"

"ஆனா வேற சண்ட வேணுமே" என்றாள் அபி.

நான் வாயைத் திறப்பதற்குள் சொர்ணம் இறங்கிக்கொண்டே சொல்கிறாள்: "ஏன் இல்லாம? இவ கல்யாணத்துல எனக்குச் செஞ்சத இன்னும் நான் சொல்லவே இல்லியே!"

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குள் போய்விட்டாள்!

நேற்றிலிருந்து யோசிக்கிறேன். என் கல்யாணத்துக்கு யார் யார் வந்தார்கள், யார் என்ன மொய் எழுதினார்கள் எல்லாம் ஞாபகம் இருக்கிறது. இவளுக்கு நான் என்ன செய்தேன் என்பது மட்டும் வரவே மாட்டேன் என்கிறது!

என் கல்யாணத்துக்கு வந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து சொல்லுங்கள். அங்கே என்னதான் நடந்தது?